அரியர் கவிஞன்

எங்கள் ஆய்க்குடியில் தெருவுக்கு ஒருவனாவது இருக்கிறான். பி.எஸ்சி. கணிதம் மூன்றாம் ஆண்டு. தோளில் பை, பையில் ஒரு நீள நோட்டு. முன்பக்கத்திலிருந்து கணக்கு போகும், பின்பக்கத்திலிருந்து கவிதை வரும். கணக்கு நாலாம் பக்கத்தில் நின்றுவிட்டதால் இரண்டும் முட்டிக்கொள்ளும் அபாயம் இதுவரை இல்லை.

எதற்கும் சரித்திர ஆதாரம் வைத்திருப்பான். கடையெழு வள்ளல்களில் ஒருவனான ஆய் அண்டிரன் நம்மூர்க்காரன் என்று சொல்லிக்கொள்வது இங்கே எல்லோருக்கும் உள்ள வழக்கம்தான். இவன் அதை வீட்டுச் செலவுக் கணக்கில் கொண்டுவந்து சேர்ப்பான்.

"எம்மா, முடமோசியார் பாடுனதுக்கு ஆய் யானை யானையாக் குடுத்தான். நான் அம்பது ரூவாதான கேக்கேன்?"

"யானை குடுத்தவன் வீட்டுல அரிசி இருந்திருக்கும்லா. நீ மொதல்ல ரேஷன் கடைக்குப் போய்ட்டு வா. யானையப் பொறவு பாப்போம்."

முன்னோர்களையும் பொறுக்கித்தான் எடுப்பான். 1906-இல் பிறந்த புதுமைப்பித்தன் பி.ஏ. முடித்தது 1931-இல் என்பது மனப்பாடம். கலாப்ரியா வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே கவிதை எழுதினார் என்றால் அந்தப் பேச்சைக் கவிதையோடு நிறுத்திக்கொள்வான். குற்றாலத்தில் சாரலும் கம்பனுமாக வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி.தான் லட்சியம். அவர் சட்டம் படித்துத் தேறியவர், அறநிலையங்களுக்கு ஆணையராக இருந்தவர் என்று யாராவது ஆரம்பித்தால் பஸ் வந்துவிடும்.

தப்ப முடியாத ஒரே ஆள் தாய்மாமா.

"ஏல, ஹால் டிக்கெட்டுல மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம்னு போட்ருக்கே, அவரு யாருல?"

"நாடகம் எழுதுனவரு மாமா."

"திருவனந்தபுரத்துல தத்துவப் பேராசிரியர்ல. பாடமும் நடத்திக்கிட்டு 1891-ல நாடகத்தையும் அச்சுல கொண்டாந்தாரு. நீ பாடம் நடத்த வேண்டாம்டே, கவனிச்சாப் போதும்."

பையனை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. கல்லூரி திறப்பது ஜூனில், குற்றாலத்தில் சீசன் தொடங்குவதும் ஜூனில். மேற்கே மலை கறுத்து, தென்காசி வரை காற்று ஈரமாக வரும்போது வகையீட்டுச் சமன்பாட்டை நடத்தச் சொல்லி அட்டவணை போட்டவர் கட்டாயம் இந்தப் பக்கத்துக்காரராக இருக்க மாட்டார். இவன் பாடப்புத்தகத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஐந்தருவிக்குப் போவான். துண்டோடு புத்தகமும் குளித்துவிட்டு வரும்.

இவ்வளவு ஆசை உள்ளவன் மே மாத விடுமுறையில் எழுதித் தள்ள வேண்டாமா? அங்கேதான் விஷயம் இருக்கிறது. விடுமுறையில் ஒரு வரி வராது. புதுப் பேனா வாங்குவான். அனுமன் நதிப் படித்துறையில் போய் உட்காருவான். குழந்தை வரம் கிடைத்தவர்கள் நேர்ந்துகொண்டு படிப்பாயசம் ஊற்றும் அதே படிகள். அவனுக்காகவும் ஒருகாலத்தில் ஊற்றினார்கள். அங்கே அவனுக்குத் தூக்கம்தான் வரும். நவம்பரில் தேர்வுக்கு முந்தின ராத்திரி மெய்ப்பகுப்பாய்வுப் புத்தகத்தை விரித்தானோ இல்லையோ, முதல் தேற்றத்தின் பாதியிலேயே உவமை கிளம்பிவிடும். 'பால் வாங்கிட்டு வா' என்று அம்மா கூப்பிட்டால் இன்னும் விசேஷம். அந்தக் குரலுக்கும் அவன் எழுந்திருப்பதற்கும் நடுவே ஒரு முழுக் கவிதை முடிந்திருக்கும். படிப்பும் வீட்டு வேலையும் எழுதவிடாமல் அடிக்கின்றன என்று ஊரெல்லாம் புலம்புகிறான். எனக்கென்னவோ அவை இரண்டும்தான் இவனுக்குப் படியளக்கின்றன என்று தோன்றுகிறது.

கடைசி அரியரும் ஒருநாள் தேறிவிட்டது. வீட்டில் பாயசம் வைத்தார்கள். மாமா பேனா பரிசளித்தார். இனி முழுநேரமும் இலக்கியம் என்று அறிவித்தவன் இரண்டு மாதம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். ரேஷன் கடைக்குத் தானாகவே போய்வந்தான். அதைப் பார்த்துத்தான் அம்மா பயந்துபோய்த் திருநீறு போட்டுவிட்டாள்.

பிறகு அவனாகவே குரூப் 4 தேர்வுக்கு விண்ணப்பித்தான். பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகம் வந்து இறங்கிய அன்றே அவன் அறையில் விடிய விடிய விளக்கு எரிந்தது.

"சவத்துப்பயலுக்கு இப்பதான் கூறு வந்திருக்கு," என்று பக்கத்து வீட்டு ஆச்சியிடம் அம்மா சொன்னாள். "ராத்திரி பூரா எழுதி எழுதிப் பாக்கான்."