சம்பை ஊற்று நாக்கு

கல்யாணப் பந்தியில் இலை போட்டதும் எல்லோர் கண்ணும் கந்தரப்பத்தைத் தேடும். ஒருவர் கை மட்டும் தண்ணீர் டம்ளருக்குப் போகும். ஒரு வாய் எடுப்பார். உடனே விழுங்க மாட்டார். வைரத்துக்குத் தோஷம் பார்ப்பவர் கல்லைத் திருப்புவதுபோல நாக்கு அதை இப்படியும் அப்படியும் திருப்பும். பிறகு தீர்ப்பு வரும்: "இது சம்பை ஊத்து இல்லப்பா. போர்த் தண்ணி. கடைசியில லேசா உப்பு தட்டுது." பரிமாறுகிறவர் வாளியோடு அப்படியே நின்றுவிடுவார். அதுவரை அந்தத் தண்ணீரை ஆனந்தமாகக் குடித்துக்கொண்டிருந்த பக்கத்து இலைக்காரரும் டம்ளரைச் சந்தேகத்தோடு கீழே வைப்பார்.

காரைக்குடியில் இந்த நாக்குக்காரர்களுக்குப் பஞ்சமே கிடையாது. செக்காலை ரோட்டு ஜவுளிக்கடைக்காரர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கொப்புடையம்மன் கோயில் பக்கம் பூக்கட்டும் அம்மா என்று எல்லா இனத்திலும் எல்லாத் தொழிலிலும் இருக்கிறார்கள். அவர்களை ஒரேயடியாகக் குறை சொல்லவும் முடியாது. ஆறு எட்டிப் பார்க்காத ஊர் இது. சம்பை ஊற்றின் நிலத்தடி நீர்தான் ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. பழைய வீடுகளைப் பாருங்கள். ஓட்டில் விழுந்த மழை ஒரு சொட்டுக்கூட வீணாகாமல் வளவு முற்றத்தில் இறங்கி அண்டாவில் நிறையும். மிச்சம் வாய்க்கால் பிடித்து ஊருணிக்குப் போகும். குடிக்கிற ஊருணியில் யாரும் கால் நனைக்கக் கூடாது. தண்ணீரை இப்படி எண்ணி எண்ணிச் சேர்த்த ஊரில்தான் அதற்கு ருசி பார்க்கிற நாக்கும் வளரும். (தாமிரபரணிக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம். உங்கள் நாக்கு வேறு ரகம். அது பெருமையில் வளர்ந்தது.)

இந்த வகையில் நன்றாக முற்றிய ஒருவரை வைத்தே மேலே சொல்கிறேன். ஊரில் 'தண்ணி அண்ணன்' என்றால் தெரியும். மழை பொய்த்து, குழாயில் தண்ணீர் வருகிற நாட்கள் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்த ஒரு கோடையில், அழகப்பா பல்கலைக்கழகத்தில் வேதியியல் படிக்கும் அவருடைய பேத்தி சாப்பிடும்போது வாயைக் கொடுத்துவிட்டாள். கழிவுநீரைச் சுத்திகரித்தால் குடிக்கவே குடிக்கலாமாம் என்றாள். அண்ணன் வாய்க்குப் போன ரசம் திரும்பி வந்தது.

"சாக்கடையையா ஆத்தா?"

"சாக்கடை இல்ல ஐயா. முதல்ல வழக்கமான சுத்திகரிப்பு. அப்புறம் நுண்வடிகட்டி, அப்புறம் ஆர்.ஓ., கடைசியில புறஊதாக் கதிர். கிருமி தப்பிக்கவே முடியாது. நம்ம போர்த் தண்ணியவிட அது சுத்தம்."

"சரி. சுத்தமாயிருச்சு. அதுக்கு முன்னாடி அது என்னவா இருந்துச்சு?"

பேத்தியால் இதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. அண்ணனுக்கு வேண்டியது தண்ணீரின் பரிசோதனை அறிக்கை அல்ல, ஜாதகம். தாய் தகப்பன் யார், எந்தத் தெரு, யார் வீட்டுக் குளியலறை வழியாக வந்தது என்றெல்லாம் தெரிய வேண்டும். இதில் அவர் தனி ஆளும் இல்லை. பால் ரோசின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980-களில், கிருமி நீக்கிய செத்த கரப்பான் பூச்சியைப் பழச்சாற்றில் தொட்டு எடுத்துவிட்டுப் படித்தவர்களிடம் நீட்டினார். அதில் ஆபத்து ஒன்றுமில்லை என்று தெரிந்தே முகத்தைச் சுளித்தார்கள். அண்ணன் வீட்டு ஆச்சியிடம் கேட்டிருந்தால் அத்தனை செலவில்லாமல் சொல்லியிருப்பார்கள்.

ஆனால் ஜாதகம் பார்க்கிற இந்தக் கண்டிப்பு எல்லாத் தண்ணீரிடமும் நடக்காது. சாமி அறையில் ஈயம் வைத்து அடைத்த காசிச் சொம்பு இருக்கிறது. கான்பூர் தொடங்கி எத்தனை ஊரைக் கடந்து கங்கை காசிக்கு வந்து சேர்கிறது என்று அவர் கேட்டதில்லை. கேட்டால், "அது தீர்த்தம்ப்பா, தண்ணியில்ல" என்பார். அந்தப் பதிலில் எனக்கு வழக்கில்லை. வழக்கு இருபது லிட்டர் கேன் விஷயத்தில்தான். கேன் எந்தக் கிணற்றில் நிரம்பியது, எந்த வண்டியில் எத்தனை நாள் வெயிலில் நின்றது என்று அவர் ஒருநாளும் விசாரித்ததில்லை. மேலே ஒட்டிய நீலத்தாளில் பனிமலைப் படம் இருக்கிறது; அதுவே போதும். இமயமலைப் படத்தைப் பார்த்ததும் சம்பை ஊற்று நாக்கு உறங்கிவிடுகிறது.

காவிரி சமாசாரம் இன்னும் விசேஷம். சிவகங்கை மாவட்டத்து ஊர்கள் பலவற்றுக்குத் திருச்சிப் பக்கத்துக் காவிரியிலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் குழாய் வருகிறது. சம்பந்தி வீட்டில் அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு, "காவேரித் தாய்! என்ன குளுமை!" என்று உருகுகிறார். ஈரோடும் கரூரும் கழித்துவிட்ட நீரும் அந்தத் தாயின் மடியில்தான் வந்து சேர்கிறது. நடுவே மணலும் குளோரினும் தங்களால் ஆனதைச் செய்கின்றன. பேத்தி சொன்ன கடைசி மூன்று கட்டம்கூட இதில் கிடையாது. ஆனால் இதற்கு யாரும் 'மறுசுழற்சி நீர்' என்று பெயர்ப்பலகை மாட்டவில்லை. அதனால் யாருக்கும் குமட்டவும் இல்லை.

விஞ்ஞானிகளை வைத்து வழிக்குக் கொண்டுவரலாமே என்று தோன்றும். ஊரிலேயே சிக்ரி இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, நேரு 1948-ல் அடிக்கல் நாட்ட, 1953-ல் திறக்கப்பட்ட மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். வெளியூரிலிருந்து யார் வந்தாலும் அண்ணன் முதலில் பேசுவது அதைத்தான். அங்கே வேலை பார்த்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர், சுத்திகரித்த நீரில் பயமில்லை என்று அரைமணி நேரம் விளக்கினார். பொறுமையாகக் கேட்டுக்கொண்ட அண்ணன், அவர் போன பிறகு எங்களிடம் சொன்னார்: "பாவம், அவுக மின்சாரம் படிச்சவுக."

சிங்கப்பூரில் மகன் இருக்கிறான். அண்ணன் தைப்பூசத்துக்குப் போய் ஒரு மாதம் தங்கி, டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலில் காவடி பார்த்துவிட்டு வந்தவர். வந்த நாள் முதல் அந்த ஊர்க் குழாய்த் தண்ணீரைப் பாடாத நாளில்லை. "திறந்தா அப்படியே குடிக்கலாம். பன்னீர் தோத்துச்சு!" இந்தப் பாட்டைக் கேட்டுச் சலித்த மகன் ஒருநாள் தொலைபேசியில் உண்மையைப் போட்டு உடைத்துவிட்டான். அங்கே கழிவுநீரைச் சுத்திகரித்துப் 'புதுநீர்' என்று பெயரிட்டிருக்கிறார்கள். 2002 தேசிய தினத்தன்று பிரதமர் கோ சோக் டோங்கும் கூடியிருந்த ஜனங்களும் அந்தப் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக் குடித்தார்கள். 2003 முதல் ஆலைகளுக்குப் போகிறது. மழை குறைந்த மாதங்களில் கொஞ்சத்தை ஏரிகளில் விட்டு, கலந்து, மறுபடியும் சுத்தம் செய்து வீட்டுக் குழாய்க்கு அனுப்புகிறார்கள். "அப்பச்சி, நீங்க குடிச்சதுலயும் அது கலந்திருக்கலாம்."

இந்தப் பக்கம் நெடுநேரம் பேச்சே இல்லை. சிக்னல் போய்விட்டதோ என்று மகன் இரண்டு முறை "அப்பச்சி, அப்பச்சி" என்று கூப்பிட்டான். கடைசியில் அண்ணன் சொன்னார்: "அது சிங்கப்பூர்க்காரன் சாக்கடைப்பா. அது வேற."

நமீபியாவின் விண்ட்ஹோக் நகரம் 1968 முதல் இப்படிச் சுத்திகரித்த நீரை, ஏரியில்கூட விடாமல், நேரே குடிநீரில் கலந்து குடித்துவருகிறது என்று நான் எடுத்துக் கொடுத்தேன். "அங்க நம்மாளு யாரு இருக்கா?" என்று அந்தக் கதவையும் சாத்தினார். சென்னையை ஒரு படி ஏற்றுக்கொள்கிறார். 2019-ல் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் போன வருஷம் நினைவிருக்கும். அந்த வருஷம்தான் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் கழிவுநீரை ஆர்.ஓ. வரைக்கும் சுத்திகரிக்கும் நிலையங்கள் வந்தன. ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர், தொழிற்சாலைகளுக்குப் போகிறது. "நல்ல காரியம். மோட்டார் கம்பெனிக்கு நாக்கு கிடையாதுல்ல."

இத்தனைக்கும் நடுவில் அண்ணன் கேட்ட ஒரு கேள்வியை மட்டும் என்னால் சிரித்துத் தள்ள முடியவில்லை. "எல்லாம் சரி தம்பி. அந்த வடிகட்டிச் சவ்வு ஒருநாள் கிழியும்ல? அன்னிக்கு யாரு பாப்பா? பாத்ததை நமக்கு யாரு சொல்லுவா?" பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்து, அணாவுக்கு அணா பேரேட்டில் ஏற்றி, ஐந்தொகை போட்டுக் காட்டிய ஊர்க்காரர் கேட்கிற கேள்வி இது. அருவருப்பு என்று நாம் பெயர் வைப்பதில் பாதி, கணக்குக் காட்டாதவன் மேல் உள்ள அவநம்பிக்கை. குழாயில் குடிநீர் கலங்கலாக வரும்போதே காரணம் சொல்ல ஆளில்லாத நாட்டில், சாக்கடையைச் சுத்தம் செய்து தருகிறோம், நம்பிக் குடி என்றால் யார் குடிப்பார்கள்? விண்ட்ஹோக்கிலும் சிங்கப்பூரிலும் நீர் சோதனைக்கூடத்தைத் தாண்டித்தான் குழாய்க்கு வருகிறது. இங்கே மாற வேண்டியது அண்ணன் மட்டும் இல்லை.

காரைக்குடி இப்போது மாநகராட்சி. என்றைக்காவது இங்கேயும் இந்தப் பேச்சு வரத்தான் போகிறது. வரும்போது ஐந்து விளக்குப் பக்கம் ஒரு பலகை வையுங்கள். இன்றைய நீரில் உப்பு எவ்வளவு, கிருமி உண்டா இல்லையா, சவ்வு மாற்றிய தேதி எது, சோதித்தவர் யார் என்று தினமும் எழுதுங்கள். அண்ணன் முதல் ஆளாக வந்து நிற்பார். முதல் மாதம் எழுத்துப்பிழை கண்டுபிடிப்பார். இரண்டாம் மாதம் நேற்றைய எண்ணையும் இன்றைய எண்ணையும் ஒப்பிட்டு அதிகாரியைத் திணறடிப்பார். மூன்றாம் மாதம் அதே எண்களை வைத்துத் திண்ணையில் மற்றவர்களை மடக்குவார். அந்த ஊழியத்துக்குச் சம்பளமும் கேட்க மாட்டார்.

பலகையைக் கண்மாய் வறண்ட பிறகு நட்டுப் பயனில்லை. ஆஸ்திரேலியாவின் டுவூம்பா நகரத்தில் கடும் வறட்சியின் நடுவில்தான், 2006-ல், மறுசுழற்சி நீரைக் குடிக்கலாமா என்று ஜனங்களிடம் வாக்கெடுப்பு நடத்திக் கேட்டார்கள். 62 சதவீதம் பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.