எருமை மட்டும் தேறிய சரணாலயம்

மரக்காணத்துக்குத் தென்மேற்கே பரந்து கிடக்கிறது கழுவெளி. பழவேற்காட்டுக்கு அடுத்தபடியாகத் தென்னிந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இதுதான். 2021-இல் 5,151 ஹெக்டேர் பரப்பு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024-இல் ராம்சார் எனப்படும் உலக ஈரநிலப் பட்டியலிலும் ஏறியது. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்களில் பலருக்கு இது தெரியாது. அவர்கள் கவனமெல்லாம் புதுச்சேரியின் வேறு வகை நீர்நிலைகள்மேல்.

விலங்கு, பறவை பார்க்க ஆப்பிரிக்காவுக்கே போகிறவர்கள் உண்டு. அங்கே சுலபமாகப் போய்வரக்கூடிய பூங்கா என்று கென்யாவின் நைரோபியைச் சொல்வார்கள். 1946-இல் தொடங்கிய அது, நகர மையத்திலிருந்து ஏழு கிலோமீட்டர்தான். சிங்கத்தைப் படம் எடுத்தால் பின்னால் அடுக்குமாடிகளும் விழும். ஆனால் சுலபமெல்லாம் அங்கே போய் இறங்கிய பிறகு. அதற்குமுன் விமான டிக்கெட், பத்து நாள் முன்பே போட வேண்டிய மஞ்சள் காய்ச்சல் ஊசி என்று பாடு பெரிது. கழுவெளிக்கு பஸ்ஸுக்குச் சில்லறை போதும்.

யானை, சிங்கம், சிறுத்தை, காண்டாமிருகம், எருமை ஆகிய ஐந்தையும் பார்த்தால்தான் ஆப்பிரிக்கப் பயணம் முழுமை என்பார்கள். யானை இல்லாத நைரோபி நான்கு மதிப்பெண்ணோடு நிற்கிறது. கழுவெளிக்குத் தேறுவது எருமை ஒன்றுதான். அதையும் சாயங்காலம் பால் கறக்க வீட்டுக்கு ஓட்டிப்போய்விடுவார்கள்.

குறையை ஈடுகட்டுவது பூநாரை. தலையைக் கவிழ்த்து, மேலலகு அடியில் இருக்கும்படி வைத்துச் சாப்பிடும் பறவை இது. பந்தியில் உட்கார வைக்க லாயக்கில்லை. குஞ்சு சாம்பல் நிறம். உவர்நீர்ப் பாசியிலும் பொடி இறாலிலும் உள்ள நிறமி, தின்னத் தின்ன இறகில் ரோஜா நிறமாக ஏறுகிறது. கென்யாவின் நகுரு ஏரியில் பேர்பெற்றது சிறு பூநாரை. இங்கே பெரும்பாலும் வருவது பெரும் பூநாரை, அதைவிட வெளுப்பு. மரக்காணத்து வெயிலைக் குற்றம் சொல்ல முடியாது. நகுரு இருப்பது நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில்.

வலசைப் பறவைகள் அக்டோபர் முதல் பிப்ரவரி வரை இருக்கும். மே மாதம் போகிறவர் பறவையை விட்டுவிட்டு ஏரியையே தேட வேண்டியிருக்கும், பெரும்பகுதி வற்றிவிடும். மழை ஓய்ந்து மரக்காணத்து உப்பளங்களில் வேலை தொடங்கியிருக்கும் பிப்ரவரியில் பறவை, உப்பு இரண்டையும் பார்க்கலாம்.

நிழல் கிடையாது. தொப்பி, தண்ணீர், பைனாகுலர் மூன்றும் கையில் இருக்கட்டும். செல்போன் படத்தில் பூநாரை வெள்ளைப் புள்ளியாகத்தான் தெரியும். அதைச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பி வட்டம் போட்டுக் காட்டுவது வீண் வேலை. வரப்பில் ஏறுமுன் உப்பளத்தில் இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பாத்தியில் மண் விழுந்தால் உப்புக்கு விலை இறங்கிவிடும்.