முன்பனி, பின்பனி

டிசம்பர் பிறந்தால் போதும், எங்கள் குடும்ப வாட்சாப் குழுவில் டொரொண்டோ மச்சானின் கார் வந்து நிற்கும். கார் என்று அவன் சொல்வதால்தான் தெரியும். பார்வைக்கு அது சக்கரம் வைத்த இட்லி. பக்கத்தில் குரங்குக் குல்லாவும் பிளாஸ்டிக் சுரண்டியுமாக அவன். போன முதல் வருடம் சுரண்டி என்று ஒன்று விற்பதே அவனுக்குத் தெரியாது. கிள்ளானிலிருந்து பர்ஸோடு பர்ஸாகப் போயிருந்த டச் அன் கோ கார்டால் உறைபனியைச் சுரண்டியிருக்கிறான். கார்டு இரண்டாகிவிட்டது. "உள்ளே பன்னிரண்டு வெள்ளி இருந்திச்சு மச்சான்" என்று இன்றுவரை அதற்குத் திதி கொடுக்கிறான்.

படத்துக்குக் கீழே வருடா வருடம் மாறாத வரி ஒன்று: "உங்களுக்கென்ன, சாவியைத் திருகினா கார் போகும்."

அவனுக்கு யாராவது உண்மையைச் சொல்ல வேண்டும்.

கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் சுமார் 30 கிலோமீட்டர். கூட்டரசு நெடுஞ்சாலையின் ஜாமுக்கு முந்திக்கொள்ள வேண்டுமென்றால் காலை ஆறு மணிக்கே கிளம்பியாக வேண்டும். 1982 ஜனவரி 1-ஆம் தேதி தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிவைத்தார்கள். அன்றிலிருந்து எங்கள் ஆறு மணி, நடுராத்திரிக்குக் கூடப்பிறந்த தம்பி. சூரியன் ஏழு மணி வாக்கில்தான் எட்டிப் பார்ப்பார்.

காரில் நானும் மனைவியும். ஏர்கோன் பட்டால் எனக்குத் தும்மல். படாவிட்டால் அவளுக்குப் புழுக்கம். இரண்டுக்கும் பொதுவாக ஓர் அளவைப் பேசி முடித்தோம்: அவள் சொல்கிற அளவு. 18.

ஒரு நவம்பர் விடிகாலை. ராத்திரி முழுக்க மழை. தாமானை விட்டு வெளியே வந்து முதல் சிக்னலைக்கூடத் தாண்டவில்லை, முன்கண்ணாடி ஓரத்திலிருந்து வெளுத்துக்கொண்டு வந்தது. முன்னால் நின்ற கொள்கலன் லாரியின் பின்விளக்குகள் கரைந்து, கண்ணாடியெங்கும் சிராப் பண்டோங் ஊற்றியதுபோல் ஆயிற்று.

"துடைங்க" என்றாள்.

எங்கள் காரில் எப்போதும் ஒரு குட் மார்னிங் துண்டு கிடக்கும். வெள்ளைத் துணி, சிவப்பு எழுத்து. அந்த நேரத்தில் எங்கள் காரில் காலை வணக்கம் சொல்கிற ஒரே ஜீவன். எடுத்துத் துடைத்தேன். போகவில்லை. "அழுத்தித் துடைங்க." அழுத்தினேன். தன் பக்கத்துக் கண்ணாடியை அவளே டிஷ்யூவால் தேய்த்தாள். டிஷ்யூதான் தேய்ந்தது. கழுத்தை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, ஆமை மாதிரி ஊர்ந்து, ஒரு பெட்ரோல் நிலையத்தில் ஒதுங்கினேன். அங்கேயும் தேய்ப்பு தொடர்ந்தது.

மோட்டாருக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு பையன், மீன் தொட்டிக்குள் இரண்டு பேர் தொட்டியைக் கழுவுவதைப்போல எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு நடந்து வந்து, சுட்டுவிரலால் கண்ணாடியில் மேலிருந்து கீழாக ஒரே ஒரு கோடு இழுத்தான். அந்தக் கோட்டுக்குள் மட்டும் கிள்ளான் பளிச்சென்று தெரிந்தது. கோட்டின் அடியில் திரண்ட சொட்டு, பானெட்டில் விழுந்தது.

"அங்கிள், பனி வெளியில லா."

பத்து நிமிடம். இரண்டு பட்டதாரிகள். உள்பக்கம்.

"நான் அப்பவே நினைச்சேன்" என்றாள் மனைவி.

வார இறுதியில் எங்கள் கார் போர்மேனிடம் விஷயத்தைக் கொண்டுபோனேன். மாமாக் கடையில் உட்கார்ந்து அவர் தன் மைலோ ஐஸ் கிளாஸை என் முன்னால் தள்ளினார். கிளாஸ் வெளிப்பக்கம் வேர்த்து, மேசையில் வட்டம் போட்டிருந்தது. "மைலோ ஒழுகுதா சார்? இல்லல்ல. இதுதான் உங்க கார். நீங்க ரெண்டு பேரும் உள்ள இருக்கிற மைலோ."

இதைவிடத் தெளிவாக எந்தப் பாடப்புத்தகமும் சொன்னதில்லை. நம் ஊர் விடிகாலைக் காற்று 24 டிகிரி வாக்கிலேயே ஈரத்தைத் தாங்க முடியாமல் தளும்பி நிற்கிறது. 18-ல் குளிர்ந்த கண்ணாடி கிடைத்தால் ஆனந்தமாக அதன் மேல் இறங்கிவிடும். அப்போது ஏர்கோனைக் குறைத்து, காற்றைக் கண்ணாடியிலிருந்து திருப்பி, வைப்பரைப் போட வேண்டும். மழை பெய்யும்போது கதை தலைகீழ்: கண்ணாடி வெளியிலிருந்து குளிர்கிறது, நம் மூச்சு அதன் உள்பக்கத்தில் போய்ப் படிகிறது. அப்போது ஏர்கோன்தான் மருந்து. 1902-ல் கேரியர் என்பவர் அந்த யந்திரத்தை வடிவமைத்ததே மனிதரைக் குளிர்விக்க அல்ல. புரூக்ளின் அச்சகம் ஒன்றில் காகிதம் ஈரத்தில் ஊதிப்போகாமல் காக்கத்தான். ஆக, ஒரே பொத்தான். ஒரு நோய்க்கு மருந்து, இன்னொன்றுக்குக் காரணம். எது எந்த நோய் என்று அறிய விரலால் ஒரு கோடு இழுத்தால் போதும். எங்களுக்கு அது தோன்றவில்லை.

கைவைத்தியங்களையும் விடவில்லை. லாரிக்காரர்கள் அந்தக் காலத்தில் புகையிலையைக் கசக்கித் தேய்ப்பார்கள் என்றார் ஒருவர். ஷாம்பு என்றார் இன்னொருவர். உருளைக்கிழங்கை வெட்டித் தேய்க்கச் சொன்னார் மூன்றாமவர், தேய்த்தேன். மறுநாள் காலை பனியோடு எறும்பும் வந்திருந்தது.

வைப்பரைக் கண்டுபிடித்தது ஒரு பெண் என்பதை இந்த ஆராய்ச்சியில்தான் தெரிந்துகொண்டேன். அலபாமாவைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன், நியூயார்க்கில் டிராம் ஓட்டுநர் ஒருவர் பனிமழையில் கண்ணாடி மறைந்து திண்டாடுவதைப் பார்த்தார். 1903-ல் காப்புரிமை பெற்றார். அந்த அம்மா "துடைங்க" என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்ளவில்லை என்பதை வீட்டில் குறிப்பிட்டேன். அன்று தோசை கொஞ்சம் கருகியே வந்தது. மேரி அந்தக் கருவியை விற்க முயன்றபோது, இதற்கு வியாபார மதிப்பு இல்லை என்று கைவிரித்தது ஒரு கனடா நிறுவனம். மச்சானுக்கு இதை உடனே அனுப்பிவைத்தேன்.

எனக்கு இன்னொரு ஞானமும் வந்தது. பின்கண்ணாடியில் குறுக்கே ஓடுகிற மெல்லிய கோடுகளை இத்தனை வருடமும் அலங்காரம் என்றுதான் நினைத்திருந்தேன். அவை சூடேறும் கம்பிகளாம். பொத்தானைத் தட்டினால் கோடு கோடாகப் பனி விலகுகிறது. எங்கிருந்து வந்தோம் என்பது துல்லியமாகத் தெரிகிறது. எங்கே போகிறோம் என்பதற்குத்தான் துண்டு தேவைப்படுகிறது.

போன டிசம்பரிலும் இட்லி வந்தது. "உங்களுக்கென்ன" என்ற வரியும் வந்தது. நான் எங்கள் காரைப் படமெடுத்து அனுப்பினேன்: வெளுத்த முன்கண்ணாடி, அதில் விரலால் இழுத்த கோடு, பானெட்டில் குட் மார்னிங் துண்டு. மச்சான் உடனே அழைத்தான்.

"என்ன மச்சான், கிள்ளான்லயும் பனியா?"

"உனக்கு இலவசமா வருது. நாங்க பெட்ரோல் ஊத்தி வளர்க்கிறோம்."

"இங்க வருஷத்துக்கு நாலு பருவம். அங்க ஒண்ணும் கிடையாதுன்னு நினைச்சேன்."

தமிழன் வருடத்தை ஆறாகப் பிரித்தவன். பனிக்கட்டியையே பார்க்காத சமவெளியில் உட்கார்ந்துகொண்டு, அதில் நாலு மாதத்தைப் பனிக்கென்றே ஒதுக்கியவன். கிள்ளானுக்கு வந்ததும் மட்டும் விட்டுவிடுவோமா?

"இங்கேயும் உண்டு மச்சான், ரெண்டு" என்றேன். "முன்கண்ணாடியில முன்பனி. பின்கண்ணாடியில பின்பனி."