செலாயாங் கேனோபநிஷத்து

ஆங்கிலத்தைத் தாய்ப்பாலோடு பருகாத ஜனங்கள் ஒவ்வொருவருக்கும் அந்தப் பாஷையில் ஜன்ம சத்ருவாக ஒரு சொல் வாய்த்துவிடுகிறது. ஸ்பானிய மொழி பேசுவோருக்கு அந்தச் சத்ரு ‘கெட்’ என்னும் அற்பச் சொல்தான் என்பதை, மெக்ஸிகோ தேசத்திலிருந்து என் மகன் வேலை பார்க்கும் இடத்துக்கு வந்து, மலேசியாவின் செலாயாங்கில் எங்கள் வீட்டு மாடியில் சில காலம் வாசம் செய்த இளம் எஞ்சினியர் ஒருவர் வாயிலாக அறிந்தேன். கடிதம் வருவதும் ‘கெட்’, கடையில் சாமான் வாங்குவதும் ‘கெட்’, வீடு போய்ச் சேருவதும், கோபம் மூளுவதும், கிழவனாவதும், சொன்னது விளங்குவதும், விடியற்காலையில் படுக்கையை விட்டு எழுவதும்கூட ‘கெட்’தான் என்றால், ரெஸிபீர், கொம்ப்ரார், யெகார், எந்தெந்தேர் என்று காரியத்துக்கொரு வினைச்சொல்லைக் கையாண்டு வளர்ந்த மனிதன் என்னதான் செய்வான்? சமையலுக்கும் தோட்டத்துக்கும் கணக்குக்கும் காவலுக்கும் ஒரே வேலைக்காரனை வைத்துக்கொண்டு காலம் தள்ளும் கருமிப் பிரபுவின் பாஷை இது என்று அவர் குறைப்பட்டுக்கொண்டார்.

அவருக்கு ஆறுதல் அளித்த சொல் ‘கேன்’. தமிழராகிய நாம் மூட்டையைத் தூக்க ‘முடியும்’ என்றும், உள்ளே ‘வரலாம்’ என்றும், மழை ‘பெய்யக்கூடும்’ என்றும் சக்தி, அனுமதி, சாத்தியம் ஆகிய மூன்றுக்கும் மூன்று வாசல் வைத்திருக்கிறோம். ஸ்பானியர்களோ ‘பொதேர்’ என்ற ஒரே வினையால் மூன்றையும் நடத்திக்கொள்ளுகிறார்கள். ஆங்கிலக் ‘கேன்’ என்பதும் ஏறக்குறைய அதே வேலையைச் செய்வதால், இந்த ஒரு சொல்லிலாவது தமக்கு அபாயம் இல்லை என்று அந்தப் பிள்ளை மனப்பூர்வமாக நம்பியிருந்தார். அவர் நம்பிக்கையைக் குலைக்க ‘கெட்’ தேவைப்படவில்லை. எங்கள் ஊரே போதுமானதாயிற்று.

மாடிக் குளியலறைக் குழாய் ஒழுகியது. பழுது பார்ப்பவரிடம் நம்மவர், “நாளைக் காலை வர முடியுமா?” என்று சுத்த இலக்கண ஆங்கிலத்தில் வினவ, அந்தப் புண்ணியவான் முகமெல்லாம் மலர, “கேன், கேன்” என்று விடையிறுத்துப் போனார். மறுநாள் பிள்ளையாண்டான் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, பகல் முழுவதும் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். குழாய் ஒன்றுதான் நேரந்தவறாமல் தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது. மாலையில் நான் விஷயத்தை விளக்கினேன். ஒற்றைக் ‘கேன்’ வேறு, இரட்டைக் ‘கேன்’ வேறு. நம் இலக்கணம் அச்சம், விரைவு, உவகை முதலியவை பற்றி வரும் அடுக்குத்தொடர் என்று சொல்லுகிறதே, அந்த இனத்தைச் சேர்ந்தது இது. இவ்விடத்தில் உவகை மாத்திரமே குறிக்கப்பட்டது. உங்களைப் பார்த்ததில் அவருக்குச் சந்தோஷம். வருவதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

சாமவேதத்தைச் சேர்ந்த கேனோபநிஷத்து, பிரம்மத்தை அறிந்துவிட்டேன் என்பவன் அறியாதவன், அறியேன் என்பவனே அறிந்தவன் என்று ஞானிகளைத் திகைக்க வைக்கிறது. செலாயாங் கேனோபநிஷத்தின் நிலையும் அதுவே. ஆனால் உபநிஷத்தைவிட இதற்குத் தொல்காப்பியமே சிறந்த உரையாகும் என்பது என் அபிப்பிராயம். இடைச்சொற்கள் தாமாக இயங்கமாட்டா, பெயரையும் வினையையும் சார்ந்தே இயங்கும் என்று வரையறுத்த தொல்காப்பியர், ‘உம்’ என்ற ஒன்றுக்கு எட்டுப் பொருளும், ‘ஓ’ என்பதற்கு ஆறும், ‘ஏ’ என்பதற்கு ஐந்தும் எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார். அவரை எங்கள் ஊர் மாமாக் கடையில் உட்காரவைத்து ஒரு தே தாரேக் வாங்கிக் கொடுத்திருந்தால், ‘கேன்’ என்பதன் பின்னால் வந்து ஒட்டும் வால்களுக்கு ஒரு தனி இயலே செய்திருப்பார். ‘கேன் ஆ’ என்பது வினா. ‘கேன் லா’ என்பது தேற்றம். அந்த ‘லா’ 2000ஆம் ஆண்டிலேயே ஆக்ஸ்போர்டு பேரகராதியில் இடம்பெற்றுவிட்டதாகையால், அதை இனிமேல் கொச்சை என்று எந்த ஆங்கில வாத்தியாரும் அடிக்க முடியாது. ‘கேன் மே’ என்பது ஐயம். அந்த ‘மே’ கன்டோனிய மொழி கொடுத்த சீதனம். ‘வேர் கேன்’ என்பது எதிர்மறை. ‘மானா போலே’ என்ற மலாய் வழக்கு ஆங்கிலச் சட்டை போட்டுக்கொண்டு வந்தது. எல்லாவற்றிலும் நுட்பமானது, ‘கேன்’ என்று சொல்லிச் சற்று இழுத்து, கூரையைப் பார்த்து நிறுத்திவிடுவது. சொல்லாமல் விட்டதில் பொருள் கிடக்கும் இதைத்தான் நம் முன்னோர் ஒழியிசை என்றார்கள்.

முடியாது என்று சொல்ல இங்கே சொல்லே இல்லையா என்று பிள்ளை கேட்டார். இருக்கிறது. சொல்லின் கடைசியில் நிற்கும் வல்லெழுத்தை விழுங்கிவிடும் சுபாவம் எங்கள் நாவுக்கு உண்டாகையால், ‘கான்ட்’ என்றால் அதற்கும் ‘கேன்’ என்பதற்கும் பேதம் தெரியாமல் போய்விடும்; ஆகவே மறுக்க நேர்ந்தவர்கள் ‘கேனாட்’ என்று முழுவதுமாக உச்சரிப்பார்கள். ஆனால் அதை அரசாங்க முகப்பிலும், பேரனிடம் ஐஸ்கிரீம் விஷயத்திலும் கேட்கலாமேயன்றி, கௌரவமான மனிதர்கள் ஒருவர் முகத்துக்கு நேரே ஒருவர் பிரயோகிப்பது அபூர்வம்.

தைப்பூசம் நெருங்கியது. பத்துமலை எங்களுக்குக் கூப்பிடு தூரத்தில் இருப்பதால், தண்ணீர்ப் பந்தலில் அன்னதானத்துக்குக் காய்கறி வாங்கும் கைங்கரியம் வழக்கமாக என் தலையில் விழும். கேமரன் மலையிலிருந்து லோரிகள் வந்து இறங்கும் நள்ளிரவுக்குப் பின்தான் செலாயாங் மொத்த பசாருக்கு ஜீவன் வரும். நம்மவரையும் எழுப்பி அழைத்துப் போனேன். முட்டைக்கோஸ் இலைகள் மிதிபட்டு வழுக்கும் ஈரத் தரையில், தள்ளுவண்டிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடந்து, ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது கடை முதலாளியின், முன் போய் நின்றோம்.

“தவுக்கே, கத்தரிக்காய் கிலோ நாலு வெள்ளி, கேன் ஆ?”

“அய்யோ அங்கிள், வேர் கேன்!” ‘அய்யோ’ என்பதை அவர் என்னைக் காட்டிலும் சுத்தமாகச் சொன்னார்.

“ஐம்பது கிலோ எடுக்கிறேன்.”

“கேன்…” பார்வை கூரைக்குப் போயிற்று.

“கோயில் காரியம், தவுக்கே. பத்துமலை.”

அவர் பார்வை கூரையிலிருந்து இறங்கி, என் நெற்றித் திருநீற்றில் சிறிது நேரம் தங்கியது. “கேன் லா, கேன் லா, எடு” என்று சொல்லி, கேளாமலே இரண்டு கட்டுக் கொத்தமல்லியை மூட்டையின்மேல் எறிந்தார். மெக்ஸிகோ இளைஞர் சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து, ‘லா: தெய்வ சம்பந்தம் உண்டு’ என்று குறித்துக்கொண்டார்.

மூட்டைகளைத் தூக்கி வந்த மியன்மார்ப் பையனிடம், இத்தனையும் என் காடியில், அதாவது காரில், அடங்குமா என்று கேட்டேன். அவன் மூட்டைகளைப் பார்த்தான், என் பழைய காடியைப் பார்த்தான், நம்மவருடைய மடியின் விஸ்தீரணத்தையும் ஒருமுறை அளந்தான். பிறகு, “போலே” என்றான். அடங்கிற்று. 1990களில் தேசம் முழுவதும் ‘மலேசியா போலே’ என்று முழங்கியபோதுகூட அந்தச் சொல் இத்தனை சத்தியமாக ஒலித்திருக்குமா என்பது சந்தேகம்.

அந்தப் ‘போலே’யிலும் கண்ணி உண்டு என்பது பின்னால் தெரிந்தது. பக்கத்து வீட்டு மலாய் அம்மாள், என் மனைவி கொடுத்தனுப்பிய பாயசத்தை ருசித்துவிட்டு, “போலே தாஹான்” என்று சொல்லியிருக்கிறார். அகராதியைப் புரட்டிய நம்மவர், ‘தாங்கிக்கொள்ளலாம்’ என்று பொருள் கண்டு, ஆண்ட்டியின் மனம் புண்படுமே என்று இரண்டு நாள் அதை மறைத்து வைத்திருந்தார். ஏதோ பரவாயில்லை என்ற பேச்சல்ல, நல்ல புகழ்ச்சியே அது என்று சொன்ன பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. என் மனைவியோ, நாற்பது வருஷமாக என் வாயிலிருந்து அந்த அளவுகூட வந்ததில்லை என்று சந்தர்ப்பத்தைப் பயன்படுத்திக்கொண்டாள்.

ஊருக்குத் திரும்பும் காலம் நெருங்கியபோது, ஒருநாள் இரவு அவருடைய மேலதிகாரி அமெரிக்காவிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். மாத முடிவுக்குள் இயந்திரங்களை ஓட்டிக் காட்ட முடியுமா என்று அவர் கேட்டது எனக்கே காதில் விழுந்தது. நம்மவர் ஒரு மூச்சு இழுத்து, மலர்ந்த முகத்துடன், “கேன், கேன்” என்றார். எதிர்முனையில் ஒரே ஆனந்தம். போனைக் கீழே வைத்தவரை நான் புருவத்தை உயர்த்திப் பார்த்தேன்.

“கவலைப்படாதீர்கள், அங்கிள்” என்றார். “அவர் டெக்ஸாஸ்காரர். அடுக்குத்தொடர் படித்தவரல்ல.”