டி.சி.ஐ.எம். திணையியல்: ஒரு முன்னாய்வு

டிஜிட்டல் கேமராவின் மெமரி கார்டைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது டி.சி.ஐ.எம். என்ற ஃபோல்டர். கம்பெனி எதுவானாலும் இதுதான் மரபு. உள்ளே படங்களுக்கு 0001 முதல் 9999 வரை எண். அதைத் தாண்டினால் மறுபடி 0001. ஆகவே ஒரே கேமராவை வருஷக்கணக்காக வைத்திருக்கும் வீட்டில் ஒரு 0417இல் குழந்தைக்கு மொட்டை போடுவார்கள். இன்னொரு 0417இல் அதே குழந்தை பள்ளி ஆண்டு விழாவில் ஆடும். பெயரை நம்பிப் படங்களை வகைப்படுத்த முடியாது என்பது இத்துறையின் முதல் துணிபு.

பின் எதை நம்புவது? தொல்காப்பியரைத்தான். அகப்பாடலை முதல், கரு, உரி என்று மூன்றாகப் பகுத்துப் பார்த்தவர் அவர். நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, மரம், பறவை, பறை முதலியன கருப்பொருள். புணர்தல், பிரிதல் போன்ற ஒழுக்கங்கள் உரிப்பொருள். 1995இல் ஜப்பானில் ஒரு மின்னணுத் தொழில் சங்கம் எக்ஸிஃப் என்ற குறிப்புமுறையை வகுத்தது. எடுத்த நேரம் படத்துக்குள்ளேயே பதிவாயிற்று. பின்னர் இடமும் சேர்ந்தது. முதற்பொருளுக்கு இவ்வளவு கச்சிதமான உரையை எந்த உரையாசிரியரும் எழுதியதில்லை. அந்த ஜப்பானியர்கள் பொருளதிகாரம் படித்திருந்தார்களா என்பதை மேலாய்வுக்கு விடுவோம்.

முதற்பொருளிலும் மயக்கம் உண்டு. சிங்கப்பூர் போனவர் கேமராக் கடிகாரத்தை மாற்றாமல் விட்டால், காலை 7.30க்கு எடுத்த படம் 5 மணி என்று பதிவாகும். குறிப்பின்படி அது வைகறை. படத்தில் பளிச்சென்று வெயில். இதையாவது மென்பொருளில் மொத்தமாக இரண்டரை மணி நேரம் தள்ளிச் சரிசெய்துகொள்ளலாம். வாட்ஸாப் வழியாக வந்த படத்துக்குக் கதி இல்லை. அனுப்பும்போதே எக்ஸிஃப் உதிர்ந்துவிடுகிறது. பெயரில் ஒரு தேதியும் 'டபிள்யூ.ஏ.' என்ற குலப்பெயரும் மட்டும் மிஞ்சும். அந்தத் தேதியும் எடுத்த நாள் அல்ல, கைமாறிய நாள். 1978 கல்யாணப் போட்டோவைச் சித்தப்பா நேற்று ஸ்கேன் செய்து குடும்பக் குழுவில் போட்டால், அந்தக் கல்யாணம் நேற்று நடந்ததாகவே ஃபோல்டரில் ஏறும்.

கருப்பொருளைக் குறிச்சொல்லாகப் பயனரே தட்டச்சு செய்ய வேண்டும். முதல் நூறு படங்கள் வரை சிரத்தை இருக்கும். முதல் வாரம் 'கோயில்' என்று எழுதியவர் அடுத்த மாதம் 'கோவில்' என்று எழுதுவார். மென்பொருளுக்கு அவை இரண்டு தனித்தனிக் குறிச்சொற்கள். ஆள் முகத்தை மென்பொருள் தானே தேடும் என்பது உண்மைதான். ஆனால் மண்டப வாசலில் கட்டிய ஃபிளெக்ஸ் பேனரிலிருந்து சிரிக்கும் பிரமுகரையும் அது உறவினராகச் சேர்த்துக்கொண்டு 'இவர் யார்?' என்று கேட்கும்.

2007இல் வெளிவந்த லைட்ரூம் என்ற படத்தொகுப்பு மென்பொருளில் பிரிதல் தனியே ஆராயத்தக்கது. படங்கள் அதற்குள் இருப்பதாகப் பலர் நம்புகிறார்கள். உள்ளே இருப்பது வெறும் பதிவேடு: படம் எந்த டிரைவில், எந்த ஃபோல்டரில் கிடக்கிறது, வெளிச்சம் எவ்வளவு கூட்டப்பட்டது என்ற விவரங்கள்தான். மூலப்படத்தை அது தொடுவதே இல்லை. டிரைவில் இடம் போதவில்லை என்று ஒருவர் ஃபோல்டரை வெளியிலிருந்தே எக்ஸ்டர்னல் டிஸ்குக்கு இழுத்துப் போட்டால், பதிவேட்டுக்குச் சேதி போகாது. சின்னப் படத்தின் மூலையில் ஆச்சரியக்குறி முளைக்கும். பொருள்வயின் பிரிந்த தலைவனின் தடம்கூடத் தெரியாத நிலை. பாலைத்திணையில் அடங்கும்.

உரிப்பொருளுக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் உண்டு. வேண்டியதற்கு 'பி', வேண்டாததற்கு 'எக்ஸ்' என்று இரண்டு விசைகளும் உண்டு. எந்தப் படத்துக்கு எது என்று மென்பொருள் சொல்லாது. கெட்டிமேளம் முழங்கும் அரை நிமிஷத்தில் நாற்பது படம் பதிவாகிவிடும். ஒன்றில் மாப்பிள்ளையின் கை தெளிவு, பெண்ணின் முகத்தை அட்சதை மறைக்கிறது. இன்னொன்றில் பெண் அழகு, பெரியம்மா கண்ணை மூடியிருக்கிறார். மூன்றாவதில் எல்லாரும் சரி, வீடியோக்காரரின் விளக்கு நடுவில். குடும்பத்தைக் கூட்டி வைத்துக் கேட்டால் ஆளுக்கொரு படத்தைக் காட்டுவார்கள், அதாவது அவரவர் நன்றாக விழுந்த படத்தை.

கடைசியில் மனதைத் திடப்படுத்திக்கொண்டு முப்பது படங்களுக்கு 'எக்ஸ்' போடுகிறார்கள். லைட்ரூம் கேட்கும்: டிஸ்கிலிருந்தே அழிப்பதா, பட்டியலிலிருந்து மட்டும் நீக்குவதா? பெரியம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது யார் அழிப்பார்கள்? பட்டியலிலிருந்து நீக்குவார்கள். ஆறு மாதம் கழித்து யாரோ அந்த ஃபோல்டரை ஒத்திசைக்கச் சொல்லும்போது, லைட்ரூம் அலசிப் பார்த்துவிட்டு, பதிவேட்டில் இல்லாத முப்பது புதிய படங்கள் கிடைத்திருக்கின்றன, இறக்கிக்கொள்ளலாமா என்று கேட்கும்.