உடைப்பதற்குக் கட்டணம் தனி

வெளிநாட்டில் சைக்கிள் மிதித்து விடுமுறையைக் கழிக்கக் கிளம்புகிறவரிடம் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: சொந்த வண்டியைக் கொண்டுபோகிறீர்களா, அங்கே வாடகைக்கு எடுக்கிறீர்களா? ஏதோ அவர் இஷ்டம்போல! அந்த முடிவை விமான நிறுவனங்கள் எப்போதோ அவருக்காக எடுத்துவிட்டன.

சொந்த வண்டிதான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் பாவிக்கு விதித்த சடங்குகளைப் பாருங்கள். பெடலைக் கழற்ற வேண்டும். இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம் சுழலும் என்பது தெரியாதவருக்கு அங்கேயே பாதி விடுமுறை தீர்ந்தது. ஹேண்டில்பாரைத் திருப்பி, சக்கரங்களை உருவி, பின் கியரை அவிழ்த்து, டிஸ்க் பிரேக்கின் இடுக்கில் அட்டை செருகி, எல்லாவற்றையும் ஒரு பெட்டிக்குள் அடக்கி, 23 கிலோவைத் தாண்டாமல் நிறுத்துப் பார்க்க வேண்டும். டயர் காற்றையும் இறக்கு என்பார்கள். சரக்கறையிலும் பயணிகள் அறையிலும் இருப்பது ஏறக்குறைய ஒரே அழுத்தம்தானே என்று கேட்டுவிடாதீர்கள். விஞ்ஞானம் அது பாட்டுக்கு இருக்கும், விதி விதிதான்.

அடுத்தது கவுண்டர். சைக்கிளுக்கென்று தனிக் கட்டணம் கறந்த கையோடு ஒரு டேக்கை நீட்டுவார்கள்: சேதமானால் நிறுவனம் பொறுப்பல்ல, இங்கே கையெழுத்துப் போடுங்கள். உடைக்கப்போகிறவர் உடைமைக்காரரிடமே முன்கூட்டி மன்னிப்பு எழுதி வாங்கும் அதிசயம் வேறெந்தத் தொழிலில் உண்டு?

சட்டம் இல்லாமல் இல்லை. 1999-இன் மான்ட்ரியல் உடன்படிக்கையின் 26-ஆம் பிரிவு, பொறுப்பைக் கைகழுவும் எந்த நிபந்தனையும் செல்லாது என்கிறது. செல்லாத காகிதம்தான் தினமும் கவுண்டரில் செல்லுபடியாகிறது. நஷ்ட ஈட்டின் உச்சவரம்பு, 2024 டிசம்பர் 28 முதல், ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு). சுமார் 2,000 அமெரிக்க டாலர். அதுவும் 7 நாளுக்குள் எழுத்தில் புகார் தந்தால்தான். வளைந்த கியர் முதல் நாளே தெரிந்துவிடும். கார்பன் ஃபிரேமில் விழுந்த மயிரிழை விரிசல், எட்டாம் நாள் மலை இறக்கத்தில்தான் வாய் திறக்கும். அப்போது கேட்டால், பெட்டி சரியில்லை, வண்டியிலேயே குறை என்று பதில் ஆயத்தமாக இருக்கும்.

பெட்டி சுமக்கிறவர்களின் பக்தி எதன்மீது என்பதை வான்மூஃப் என்ற டச்சு சைக்கிள் நிறுவனம் 2016-இல் கண்டுபிடித்தது. கூரியரில் அனுப்பிய வண்டிகள் நொறுங்கிப் போய்ச் சேர்வதைப் பார்த்து, அட்டைப்பெட்டிமேல் ஒரு தட்டைத்திரை டிவியின் படத்தை அச்சிட்டது. சேதம் 70 முதல் 80 சதவீதம் குறைந்தது என்று அந்த நிறுவனமே சொன்னது. ஆக, கை நடுங்கியதால் யாரும் போடவில்லை. டிவி என்றால் ஏந்தத் தெரிகிறது. சைக்கிள் என்றால் எறியத் தெரிகிறது.

இந்த ஓரவஞ்சனைக்கு விலைப்பட்டியலே உண்டு. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2019 மே வரை சைக்கிள் பெட்டிக்கு 150 டாலர் வாங்கியது; கோல்ஃப் மட்டைப் பைக்கோ சாதாரணப் பெட்டியின் கட்டணம். முதலாளி விளையாட்டுக்கு ஒரு நீதி, மிதிக்கிறவனுக்கு ஒரு நீதி. மின்சைக்கிளின் பேட்டரியை ஏற்ற மாட்டோம் என்கிறார்களே, அதில் நியாயம் உண்டு: 160 வாட்-அவருக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரி நடுவானில் தீப்பிடித்தால் கதை முடிந்தது. சாதாரண சைக்கிளில் எது தீப்பிடிக்கும்? உரிமையாளரின் வயிறுதான்.

சரி, வாடகைக்கே எடுப்போம். ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் வசந்தம் வந்தால் போயென்சா துறைமுகம் முதல் அல்கூதியா வரை வாடகைக் கடைகள் நிரம்பி வழியும். வண்டியும் நல்ல வண்டிதான். கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு ஆள் பிடித்துத் தருவது விமான நிறுவனம். ஆனால் கிரெடிட் கார்டில் முன்பணம் முடங்கும், திருப்பித் தரும்போது கீறலுக்குக் கணக்கு வரும். பிரிட்டன்காரர் வலது கையில் முன் பிரேக் என்று பழகியவர். ஐரோப்பிய வாடகை வண்டியில் அது பெரும்பாலும் இடது கையில். அந்தத் தீவின் சா கலோப்ரா மலைச்சாலையில், கொண்டை ஊசி வளைவில் அவசரமாகப் பிடிக்கும்போதுதான் அந்த வித்தியாசம் உறைக்கும். கண்டத்தையே குறுக்கே கடக்க நினைப்பவருக்கோ, எடுத்த இடத்திலேயே திருப்பித் தரவேண்டிய வண்டியால் என்ன லாபம்?

ரயில் இருக்கிறதே என்பீர்கள். ஜெர்மனியின் ஐசிஇ அதிவேக ரயில் 1991-இல் ஓடத் தொடங்கியது. அதில் சைக்கிளுக்கு முறையான இடம் கிடைத்தது 2017-இல், ஐசிஇ-4 வந்த பிறகு: 12 பெட்டி ரயிலில் 830 இருக்கைகள், 8 சைக்கிள்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2021-இல் போட்ட சட்டமோ புதிய ரயில்களில் குறைந்தது நான்கு இடம் போதும் என்கிறது. பூமியைக் காப்பாற்ற நான்கு சைக்கிள். மாநாட்டில் கைதட்டல் மட்டும் ஆயிரக்கணக்கில்.

புகையில்லாத ஒரே வண்டியைக் குற்றவாளிபோல் நடத்திக்கொண்டு, அதே வாயால் பசுமைப் பயணம் என்று விளம்பரம் செய்கிறவர்களே, சலுகை யாரும் கேட்கவில்லை. தனிக் கட்டணம் வாங்கினால் அந்தப் பணத்துக்குப் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். பொறுப்பேற்க முடியாதென்றால் கட்டணத்தைத் தொடாதீர்கள். பணத்தை நாங்கள் கொடுக்கிறோம். கையெழுத்தை இனி நீங்கள் போடுங்கள்.