வால் நட்சத்திரத்தின் சொந்த ஊர்

கேள்வி: வால் நட்சத்திரங்களுக்குச் சொந்த ஊர் எது?

பதில்: ஒன்றல்ல, இரண்டு! அடிக்கடி வந்துபோகும் சின்னச் சுற்றுக்காரர்கள் பெரும்பாலும் நெப்டியூனுக்கு அப்பாலுள்ள பனிப் பிரதேசத்துக்காரர்கள். பல ஆயிரம் ஆண்டுக்கு ஒருமுறை தலைகாட்டுபவர்களின் ஊர் அதைவிட வெகு தூரம்: சூரியக் குடும்பத்தையே கூடுபோலச் சூழ்ந்திருக்கும் ஊர்ட் மேகம். 1950-இல் டச்சு வானியலாளர் யான் ஊர்ட், விருந்தாளிகள் வந்த வழியைப் பின்னோக்கிக் கணக்குப் போட்டே அந்த விலாசத்தைச் சொன்னார். என்ன மூளை! இன்றுவரை எந்தத் தொலைநோக்கியும் அந்த ஊரை நேரில் பார்த்ததில்லை. நொடிக்கு 17 கிலோமீட்டர் ஓடும் வாயேஜர்-1 விண்கலம் அதன் வாசலைத் தொடவே இன்னும் சுமார் 300 ஆண்டுகள் ஆகும். அவ்வழியே போகும் விண்மீன் லேசாக இழுத்தால் போதும், ஒரு பனிக்கட்டி நம் பக்கம் கிளம்பிவிடும். 1997-இல் வெறுங்கண்ணுக்கே பளிச்சென்று தெரிந்த ஹேல்-பாப் வால் நட்சத்திரம் மறுபடி வர 2,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அன்று பார்த்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள்!